கோஸ்ஃபோர்த் சிலுவையில் லோகிக்கு என்ன வேலை?

வடமேற்கு இங்கிலாந்தில், கம்ப்ரியாவின் கோஸ்ஃபோர்த் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்சிலுவை ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இயேசுவும் இருக்கிறார், வைக்கிங்குகளின் புராணத்தில் வரும் லோகியும் இருக்கிறான் என்று கூட வந்தவர் சொன்னாராம். அப்படியானால் இது கிறிஸ்தவச் சின்னமா, வைக்கிங்குகள் தங்கள் பழைய தெய்வங்களுக்கு நட்ட கல்லா, இல்லை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டவர்களின் வேலையா என்பது உங்கள் கேள்வி. அதோடு போகிற போக்கில் இன்னொரு வரியும் போட்டிருக்கிறீர்கள்: பெயரே எழுதாத கல்லில் இது லோகிதான் என்று யார் கண்டது? எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதற்கும் வழி தெரிந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடைபோட அது உதவும். பழைய கற்சிற்பங்களைப் பாதுகாக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். மணற்கல் எப்படித் தேயும், உளி விட்டுப்போன தடம் எது, மழை அரித்த பள்ளம் எது என்பதெல்லாம் எனக்குப் பழகிய விஷயங்கள். கோஸ்ஃபோர்த் சிலுவையின் முன்னால் வெவ்வேறு பருவங்களில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழி எனக்குத் தெரியாது. அதில் உள்ள புராணப் பாடல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதனால் கல்லைப் பற்றிச் சொல்லும்போது என் கண்ணை நம்பிச் சொல்கிறேன், கதையைப் பற்றிச் சொல்லும்போது அறிஞர்களை நம்பிச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாதவை. சிலுவையின் உயரம் சுமார் 4.4 மீட்டர். அந்த வட்டாரத்துச் செம்மணற்கல். மூன்று படி கொண்ட பீடத்தில் நிற்கிறது. உயரத்துக்கு மிகவும் ஒல்லி. தூரத்திலிருந்து பார்த்தால் கொடிக்கம்பம் போலத்தான் தெரியும். தண்டின் கீழ்ப்பகுதி உருண்டையாக இருக்கும். மேலே போகப் போக நான்கு பக்கமும் பட்டையாகச் சீவப்பட்டுச் சதுரமாகிவிடும். உச்சியில் வளையத்தோடு கூடிய சிலுவைத் தலை. இங்கிலாந்தில் இவ்வளவு பழைய சிலுவைகளில் பெரும்பாலானவை துண்டுகளாகவோ தலை இல்லாத தண்டாகவோதான் மிஞ்சியிருக்கின்றன. இது தலையோடு, திறந்த வெளியில், இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இதில் எழுத்து கிடையாது. வைக்கிங்குகளின் பழைய எழுத்தான ரூனிக்கும் இல்லை, லத்தீனும் இல்லை. யாருக்காக, யார் செலவில், யார் கையால் என்று கல் எதுவும் சொல்லாது.

காலம் என்று 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சொல்வார்கள். இது கணிப்பு, ஆனால் நல்ல கணிப்பு. கல்லின் வயதை அளக்க முடிந்தாலும் அது பாறையின் வயதாகத்தான் இருக்கும், செதுக்கிய நாளை அது காட்டாது. அதனால் வேலைப்பாட்டின் பாணியை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டின் உருண்டைப் பகுதியைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வளையச் சங்கிலி போன்ற அலங்காரம் ஓடுகிறது பாருங்கள், அதுதான் முக்கியச் சாட்சி. நார்வேயில் பொர்ரே என்ற இடத்தில் கிடைத்த பொருட்களை வைத்துப் பெயரிட்ட பாணி அது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புழங்கியது. கோஸ்ஃபோர்த்துக்கு மேற்கே கடலைத் தாண்டி மான் தீவு (ஐல் ஆஃப் மேன்) இருக்கிறது, வானம் தெளிந்த நாளில் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அங்கே கிர்க் மைக்கேல் என்ற ஊரில் ஒரு சிலுவையில் இதே வளையச் சங்கிலி உண்டு. அதைச் செதுக்கியவன் கௌட். தானே செய்தேன் என்று ரூனிக் எழுத்தில் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான். கோஸ்ஃபோர்த் சிற்பி அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு வேலை மிச்சமாகியிருக்கும்!

அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் யார் என்றால், ஊர்ப் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கோஸ்ஃபோர்த் என்பது பழைய ஆங்கிலப் பெயர். வாத்துகள் கடக்கும் துறை என்று பொருள். ஆனால் பக்கத்திலேயே கடற்கரையில் இருக்கும் சீஸ்கேல் நார்ஸ் பெயர், கடலோரக் குடிசை என்று அர்த்தம். மலைப்பக்கம் போனால் வாஸ்டேல், நீர்ப் பள்ளத்தாக்கு, அதுவும் நார்ஸ். 902இல் டப்ளினிலிருந்து விரட்டப்பட்ட நார்ஸ்காரர்கள் ஐரிஷ் கடலைச் சுற்றியுள்ள கரைகளில் இடம் தேடிப் போனார்கள். கம்ப்ரியக் கரையில் குடியேறியவர்களிலும் அவர்களின் கூட்டத்தார் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் வந்து நிலம் பிடித்து, பெண் எடுத்து, இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர்களும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சிலுவை அந்த இடைக்காலத்துப் பொருள்.

சரி, லோகிக்கு வருவோம். மேற்கு முகத்தில், சதுரப் பகுதி தொடங்கும் இடத்தில், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் அந்தச் சிற்பம் இருக்கிறது. மதிய வெயிலில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, தேய்ந்துபோன முடிச்சு ஒன்று கிடப்பது போல இருக்கும். ஒருமுறை குளிர்காலத்தில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, சாயங்கால வெயில் கல்லின் மேல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்றேன். முதலில் தெரிந்தது ஒரு பெண்ணின் சடை. பின்னந்தலையிலிருந்து முடிச்சுப் போட்டாற்போல் தொங்குகிறது. அப்புறம் அவள் கை, கையில் பிறை போல வளைந்த ஒரு பாத்திரம். அதற்கு மேலே பாம்பின் தலை. அவளுக்குக் கீழே, கையும் காலும் கட்டப்பட்டு ஒடுங்கிக் கிடக்கும் ஆண். ஒவ்வொன்றாக அவை நிழலிலிருந்து வெளியே வந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதை லோகி என்று சொல்லக் காரணம் இதுதான். நார்ஸ் புராணத்தில் லோகி தெய்வங்களோடு வாழ்ந்து தெய்வங்களுக்கே கேடு செய்தவன். தண்டனையாக, அவன் மகனின் குடலாலேயே அவனை மூன்று கற்களோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறார்கள். அவன் முகத்துக்கு நேர் மேலே ஒரு பாம்பைத் தொங்கவிடுகிறார்கள், விஷம் சொட்டுச் சொட்டாக விழும்படி. அவன் மனைவி சிகின் பக்கத்திலேயே நின்று ஒரு பாத்திரத்தில் அந்த விஷத்தைப் பிடிக்கிறாள். பாத்திரம் நிரம்பினால் கொட்டிவிட்டு வரத்தானே வேண்டும்? அந்த இடைவெளியில் ஒரு சொட்டு அவன்மேல் விழும், அவன் துடிப்பான், அதுதான் பூகம்பம் என்று கதை. இப்போது கல்லைப் பாருங்கள். கட்டுண்ட ஆண் மட்டும் இருந்தால் அது யாராகவும் இருக்கலாம். பாம்பு மட்டும் இருந்தால் நரகமாகவும் இருக்கலாம். ஆனால் கட்டுண்டவன், பாம்பு, பாத்திரம் ஏந்திய பெண் என்று மூன்றும் சேர்ந்து வருகிற கதை வேறு எது? கிறிஸ்தவக் கதைகளில் அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை, அதைத் தேடியவர்களும் கண்டெடுக்கவில்லை. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து உருவத்துக்குப் பெயர் வைப்பது ஆபத்து. மூன்று அடையாளங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றால், அது ஏறக்குறைய கையெழுத்துப் போட்ட மாதிரி.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. லோகியின் கதையை நமக்கு முழுதாகச் சொல்வது ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220களில் தொகுத்த எட்டா என்ற நூல். அதற்கும் மூலமாக இருந்த பாடல்களின் தலையாய ஏடு எழுதப்பட்டது சுமார் 1270இல். அதாவது, எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கல்லைப் படிக்கிறோமோ, அந்த நூலைவிடக் கல்லுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வயது அதிகம். நூலைப் படித்துச் செதுக்கிய சிற்பம் இல்லை இது. வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த ஒருவன் செதுக்கியது. ஆகவே கல்லுக்கு நூல் சாட்சி சொல்வது போலவே, நூலுக்கும் கல் சாட்சி சொல்கிறது. ஸ்னோரி தன் கற்பனையில் கதை கட்டினாரா, பழைய மரபைத்தான் எழுதினாரா என்ற சண்டை உண்டு. சிகின் விஷயத்தில் அவர் கட்டவில்லை என்பதற்குக் கம்ப்ரியாவின் இந்த மணற்கல் ஆதாரம்.

கிழக்கு முகத்தில் இதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. ஒரு மனிதன் ஒரு மிருகத்தின் திறந்த வாய்க்கு முன்னால் நிற்கிறான். ஒரு கால் கீழ்த்தாடையில் ஊன்றியிருக்கிறது. ஒரு கை மேல்தாடையைத் தள்ளிப் பிடித்திருக்கிறது. மற்றொரு கையில் ஈட்டியோ கோலோ. உலகம் அழியும் ராக்னரோக் போரில் தெய்வங்களின் தலைவன் ஓடினை ஃபென்ரிர் என்ற ஓநாய் விழுங்கிவிடும், ஓடினின் மகன் விதார் வந்து பழி தீர்ப்பான் என்று கதை. எப்படித் தீர்ப்பான் என்பதில்தான் பாடல்களுக்குள்ளேயே வேறுபாடு. ஒரு பாடலில் ஓநாயின் நெஞ்சில் வாளைப் பாய்ச்சுகிறான். இன்னொன்றில் தாடையைக் கிழிக்கிறான். ஸ்னோரியோ, ஒரு காலைக் கீழ்த்தாடையில் வைத்து, கையால் மேல்தாடையைப் பிடித்து வாயைப் பிளப்பான் என்று எழுதுகிறார். அந்தக் காலுக்குத் தனிச் செருப்பு வேறு: மனிதர்கள் காலணி தைக்கும்போது விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டிப் போடும் தோல் துண்டுகளையெல்லாம் காலங்காலமாகச் சேர்த்துத் தைத்த செருப்பு. அதனால், தெய்வங்களுக்கு உதவ நினைப்பவர் அந்தத் துண்டுகளைத் தூர எறிந்துவிட வேண்டும் என்கிறார். கேட்பதற்குப் பாட்டி சொன்ன கதை போல இருக்கும். ஆனால் கால் தாடையில் இருக்கும் அந்தக் காட்சி, ஸ்னோரி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே கோஸ்ஃபோர்த்தில் கல்லில் ஏறிவிட்டது.

இதை விதார் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் லோகி அளவுக்கு உறுதி என்று சொல்ல மாட்டேன். ஒன்று, அந்த மிருகத்துக்கு ஓநாயின் உடல் கிடையாது. தலைக்குப் பின்னால் உடல் நாடாவாக நீண்டு, பின்னலாகச் சுற்றிக்கொண்டு தண்டின் மேலே போகிறது. பாம்பு என்றாலும் பொருந்தும். இரண்டு, மிருகத்தின் வாயில் காலை வைத்தவன் ஓடினாகவும் இருக்கலாம். மான் தீவில் ஆண்ட்ரியாஸ் என்ற ஊரில் தோர்வால்ட் சிலுவை என்று ஒரு துண்டு இருக்கிறது. அதில் ஓநாய் வாயில் காலோடு நிற்பவனின் தோளில் பறவை உட்கார்ந்திருக்கிறது, அது காக்கையை உடன் வைத்திருக்கும் ஓடின். அவன் விழுங்கப்படுகிறான். கோஸ்ஃபோர்த்தில் தோளில் பறவை இல்லை, கை மேல்தாடையைப் பிடித்திருக்கிறது. இங்கே மனிதன் தோற்கவில்லை, ஜெயிக்கிறான். விதார் என்பதற்கு எடை கூடுவது அதனால்தான்.

மற்ற பெயர்கள் எல்லாம் இதைவிடப் பலவீனமானவை. மேற்கு முகத்தில் லோகிக்கு மேலே, கையில் கொம்போடு ஒருவன் நின்று, வாய் பிளந்த இரண்டு மிருகங்களைக் கோலால் தடுத்துக்கொண்டிருக்கிறான். தெய்வங்களின் காவல்காரன் ஹைம்டால், ராக்னரோக் வரும்போது கொம்பு ஊதுவான், ஆகவே இவன் ஹைம்டால் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கொம்பு அந்தக் காலத்தில் குடிக்கவும் ஊதவும் எல்லோர் கையிலும் இருந்த சாமான், அதுவும் இங்கே அவன் அதை ஊதவில்லை. குதிரை வீரர்கள் இருக்கிறார்கள், ஒருவன் தலைகீழாகவே செதுக்கப்பட்டிருக்கிறான். மான் ஒன்று இருக்கிறது, வேட்டை நாயோ ஓநாயோ ஒன்று இருக்கிறது. இவற்றுக்கு யாராவது பெயர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. உருண்டையான கீழ்த்தண்டைப் பற்றி ஒரு விளக்கம் மிகவும் பிரபலம்: உலகைத் தாங்கும் இக்ட்ராசில் மரத்தின் அடிமரம் அது, வளையச் சங்கிலி அதன் பட்டை என்று. அழகான எண்ணம். ஆனால் நார்ஸ் புராணத்துக்குச் சம்பந்தமே இல்லாத மத்திய இங்கிலாந்தில், டெர்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம், அடியில் உருண்டையும் மேலே சதுரமுமாகச் சிலுவைத் தண்டுகள் பல நிற்கின்றன. அங்கெல்லாம் அது வெறும் வடிவம் என்றால், இங்கே மட்டும் மரம் என்று எப்படிச் சொல்வது? நான் அந்த விளக்கத்தை விட்டுவிட்டேன்.

இனி இயேசு. விதார் நிற்கும் அதே கிழக்கு முகத்தில், அவனுக்குக் கீழே, சட்டம் போட்டது போன்ற ஒரு கட்டத்துக்குள் கை விரித்தபடி ஒருவர் நிற்கிறார். சிலுவை மரம் செதுக்கப்படவில்லை. வலியோடு தொங்குகிற மாதிரியும் இல்லை, நிமிர்ந்துதான் நிற்கிறார். 19ஆம் நூற்றாண்டில் சிலர் இதையும் பால்டர் என்ற நார்ஸ் தெய்வத்தின் மரணம் என்று படித்துப் பார்த்தார்கள். ஆனால் கட்டத்துக்குக் கீழே ஈட்டியோடு ஒருவன் நிற்கிறான், ஈட்டி மேலே விலாவை நோக்கிப் போகிறது, விலாவிலிருந்து ரத்தம் வழிகிறது. நூற்றுவர் தலைவன் லாங்கினஸ் இயேசுவின் விலாவைக் குத்திய காட்சி அது. அந்தக் காலத்தில் கிறிஸ்தவ உலகம் முழுக்க வழங்கிய ஏற்பாடு; இதில் வாதத்துக்கு இடமில்லை. ஈட்டிக்காரனுக்கு எதிரே ஒரு பெண் நிற்கிறாள், அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: இது கிறிஸ்தவச் சின்னம். வடிவம் சிலுவை, நிற்பது ஆலயத்து மண், நடுவில் நடப்பது இயேசுவின் மரணம். பழைய தெய்வங்களுக்குப் படையல் வைக்க நட்ட கல் என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. கவனித்தீர்களானால், இங்கே தெரிவு செய்யப்பட்ட நார்ஸ் காட்சிகள் தெய்வங்களின் வெற்றிக் காலத்தைக் காட்டுபவை அல்ல. லோகி கட்டுண்டு கிடப்பது, ஓநாயின் வாய் பிளப்பது, எல்லாமே பழைய உலகம் முடிகிற நேரத்துக் காட்சிகள். தெய்வங்களைக் கும்பிடுகிறவன் அவர்கள் சாகிற கதையை மட்டும் பொறுக்கியெடுத்துக் கல்லில் வைப்பானா? இன்னொரு பக்கம், கிறிஸ்தவத்திலும் இதற்கு இணையான காட்சிகள் உண்டு. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் சாத்தான் சங்கிலியால் கட்டப்படுகிறான். பாதாளத்தின் வாயை ஒரு பெரிய மிருகத்தின் வாயாகவே இங்கிலாந்தில் வரைந்தார்கள். இயேசு அதன்மேல் வெற்றிகொள்கிறார். கட்டுண்ட லோகியில் கட்டுண்ட சாத்தானும், வாயைப் பிளக்கும் விதாரில் பாதாளத்தை ஜெயித்த இயேசுவும் பார்ப்பவர் மனதில் தோன்றும்படி சிற்பி வைத்தான் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஆனால் இது விளக்கம்தான், கண்ணுக்குத் தெரிகிற உண்மை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய உலகம் அழிந்தது, புது உலகம் பிறந்தது என்று சொல்ல வந்தானா? உங்கள் பழைய கதையிலும் தீமை தோற்கத்தானே செய்கிறது, அதன் முழு அர்த்தம் இதோ இங்கே இருக்கிறது என்று சொல்ல வந்தானா? இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. முதலாவது பழையதை ஒதுக்குகிறது, இரண்டாவது பழையதை அணைத்துக்கொள்கிறது. தோர்வால்ட் சிலுவையில் ஒரு பக்கம் ஓடின் விழுங்கப்படுகிறான், மறுபக்கம் ஒருவர் சிலுவையும் புத்தகமும் ஏந்திப் பாம்பை மிதித்து நிற்கிறார்; அங்கே தோல்வியும் வெற்றியும் முதுகோடு முதுகாக இருக்கின்றன, பொருள் தெளிவு. கோஸ்ஃபோர்த் அவ்வளவு எளிதாகப் பிடி கொடுப்பதில்லை. விதார் தோற்றவனாகவா இருக்கிறான்? இயேசுவுக்கு மேலேயே நின்று ஜெயித்துக்கொண்டிருக்கிறான். அதனால் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். கலப்பு மதம் என்ற சொல்லை நான் தவிர்ப்பதும் அதனால்தான். கும்பிட்டது இருவரையும் என்று அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. கல் சொல்வது அதுவல்ல. புதிதாகக் கேட்ட நற்செய்தியை, தாயின் மடியில் கேட்ட கதைகளைக் கொண்டு புரிந்துகொண்டார்கள் என்பதுதான்.

இந்தச் சிலுவை தனியாக வந்ததில்லை என்பதும் இந்த விளக்கத்துக்குப் பலம். நீங்கள் ஆலயத்துக்குள் போனீர்களா என்று எழுதவில்லை. போகாவிட்டால் அடுத்தமுறை கட்டாயம் போங்கள். உள்ளே சுவரில் பதித்த ஒரு கல்லில் படகில் இரண்டு பேர், ஒருவன் கையில் சுத்தியல், தூண்டிலில் எருதின் தலை இரையாக, சுற்றிலும் மீன்கள். உலகைச் சுற்றிய பாம்பைப் பிடிக்க, சுத்தியல் ஏந்தும் நார்ஸ் தெய்வமான தோர் கடலுக்குப் போன கதை அது. இங்கேயும் சுத்தியல், எருதுத் தலை, படகு என மூன்று அடையாளங்கள். சிலுவையைச் செதுக்கிய கைதான் இதையும் செதுக்கியது என்று இந்தச் சிற்பங்களை முழுதாக ஆராய்ந்த ரிச்சர்ட் பெய்லி கருதினார். உளித்தடத்தையும் உருவங்களின் வாட்டத்தையும் பார்த்தவரை எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்புறம், வீட்டுக் கூரை போல முதுகு வளைந்த இரண்டு கல்லறைக் கற்கள் அங்கே இருக்கின்றன. 1890களில் ஆலயத்தைப் புதுப்பித்தபோது அஸ்திவாரத்திலிருந்து கிடைத்தவை. ஒன்றில் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கின்றன, மற்றொன்றின் இரு முனைகளிலும் சிலுவையில் அறையப்பட்ட உருவம். ஒரு சிறிய ஊரில் இவ்வளவு நல்ல வேலை ஒரே காலத்தில் நடந்திருக்கிறது என்றால், செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒரு குடும்பம் பின்னால் இருந்திருக்க வேண்டும். இந்தச் சிலுவையும் அவர்களில் ஒருவருக்கான நினைவுச் சின்னமாக இருக்கலாம். அது ஊகம்தான்.

இது எப்படித் தப்பியது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். 1643இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் உள்ள சிலுவைகளையும் சிலைகளையும் அகற்றச் சொல்லி ஆணை போட்டது. நாடெங்கும் தலை இல்லாத சிலுவைத் தண்டுகள் நிற்பதற்கு அந்தக் காலத்து ஆவேசம் ஒரு முக்கியக் காரணம். கோஸ்ஃபோர்த்திலேயே இன்னொரு சிலுவை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை வெட்டி, சூரியக் கடிகாரத்துக்குக் காலாக்கிவிட்டார்கள். ஒரே தோட்டத்தில் ஒன்று வெட்டுப்பட்டது, ஒன்று பிழைத்தது.

இந்தச் சிற்பங்களின் பொருள் திரும்பக் கிடைத்ததே 1880களில்தான். அதுவரை, கல்லில் பாசி போலப் படரும் லைக்கன் மூடி, ஏதோ பழைய சிலுவை என்ற அளவில் நின்றுகொண்டிருந்தது. உள்ளூர் மருத்துவர் சார்ல்ஸ் அருண்டெல் பார்க்கரும் கால்வர்லி என்ற பாதிரியாரும் நவம்பர் மாதத்து மழைநாள் ஒன்றில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, தேய்ப்புத் தூரிகையால் லைக்கனைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். இருவரும் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர், ஆனால் பார்த்ததைச் சரியாகப் பார்த்தார்கள். இன்று நாம் லோகி என்று சொல்வது அந்தத் தேய்ப்பிலிருந்து தொடங்கியது. என் தொழிலில் இருப்பவர் இதைச் சொல்லும்போது வயிற்றைப் பிசையும். ஈரமான மணற்கல்லைத் தூரிகையால் தேய்த்தால் லைக்கனோடு மணலும் வரும், மணலோடு உளித்தடமும் போகும். நல்ல வேளையாக அதே காலத்தில், 1882இல், முழுச் சிலுவைக்கும் பிளாஸ்டரில் அச்சு எடுத்தார்கள். அது இன்று லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியில் நிற்கும் கல் அதற்குப் பிறகு நூற்றுநாற்பது வருட மழையும் கடற்காற்றும் வாங்கியிருக்கிறது. கூடத்துக்குள் இருக்கும் அச்சு வாங்கவில்லை. அசலில் தெரியாத விளிம்புகள் அதில் தெரியும். கால்வர்லி 1887இல் தன் ஊரான ஆஸ்பாட்ரியாவில் கல்லிலேயே ஒரு நகலும் செய்து வைத்தார். அதைப் பார்த்தால் புதிதாக இருந்தபோது எவ்வளவு கூர்மையாக இருந்திருக்கும் என்று புரியும். அதே நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட இங்கிலாந்துக் கற்கள் சிலவற்றில் சுதைப் பூச்சும் நிறமும் ஒட்டியிருக்கக் கண்டிருக்கிறார்கள். கோஸ்ஃபோர்த்திலும் பாம்புக்கு ஒரு நிறம், பாத்திரத்துக்கு ஒரு நிறம் என்று பூசியிருந்தால், நமக்கு அரை மணி நேரம் பிடித்தது அன்றைய ஊர்க்காரருக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

நீங்கள் மறுபடி போவதாக இருந்தால் சில விஷயங்கள். கல்லைத் தொடாதீர்கள். விரலை எடுத்தால் செம்மணல் ஒட்டியிருக்கும், அது லோகியின் ஏதோ ஒரு மயிரிழை. சாக்பீஸ் தடவிப் படம் எடுப்பது, தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். சட்டம் பாதுகாக்கும் சின்னம் என்பது ஒரு காரணம், இழந்த மணலைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது பெரிய காரணம். வெளிச்சம் ஒன்றே போதும். கிழக்கு முகத்துக்குக் காலை வெயில், மேற்கு முகத்துக்கு மாலை வெயில். வெயில் நேராக விழாமல் கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் அது எளிது. மேகம் மூடியிருந்தால் கைவிளக்கு ஒன்றைத் தள்ளி நின்று பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். இயேசுவுக்குக் கீழே, ஈட்டிக்காரனுக்கு எதிரில் நிற்கிறாள். நீண்ட ஆடை பின்னால் இழைகிறது, கையில் கொம்பு போன்ற ஒரு பாத்திரம். வாசனைத் தைலக் குப்பியோடு வந்த மகதலேனா மரியாள் என்பது ஒரு கருத்து. போரில் இறந்தவருக்குக் கொம்பில் மது ஏந்தி வரும் வால்கிரி என்பது இன்னொன்று. நார்ஸ் கலையில் அப்படி நிற்கும் பெண்கள் நிறைய இருப்பதால், சிற்பி மரியாளைத் தனக்குத் தெரிந்த பெண் வடிவத்தில் செதுக்கியிருக்கிறான் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு. காலையில் அவளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக அந்தத் தலைமுடியை. சாயங்காலம் மறுபக்கம் போய், கட்டுண்டவனுக்கு மேல் பாத்திரம் பிடித்திருக்கும் சிகினைப் பாருங்கள். அதே முடிச்சு, அதே சடை. ஒருத்தி பாம்பின் விஷத்தைப் பிடிக்கிறாள். மற்றவள் ரத்தம் வழியும் விலாவுக்குக் கீழே பாத்திரத்தோடு நிற்கிறாள். கல்லின் எதிரெதிர் முகங்களில், முதுகோடு முதுகாக, ஒரே மாதிரி இரண்டு பெண்கள். சிற்பி வேண்டுமென்றே செய்தானா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. செய்தான் என்றுதான் நான் நம்புகிறேன்.